அலாரம் ஆஃப் ஆனால் ஓட வேண்டும்

லண்டன் போய் இறங்கிய முதல் ராத்திரியே மானம் போனது. ஓட்டலில் சாவியைக் கொடுத்த பெண், "இஃப் தி அலாரம் கோஸ் ஆஃப், யூஸ் தி ஸ்டேர்ஸ்" என்றார். ஆஃப் என்றால் அணைவதுதானே, அலாரம் நின்ற பிறகு எதற்குப் படியிறங்க வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது, ஆனால் கேட்க வெட்கப்பட்டு மண்டையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்குத் தீ அலாரம் காதைப் பிளந்தது. நானோ கட்டிலில் சம்மணம் போட்டு, அது எப்போது 'ஆஃப்' ஆகும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்! பக்கத்து அறைக்காரர் கதவை உடைக்காத குறையாகத் தட்டிய பிறகுதான், போர்வையைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். யாரோ குளியலறையில் சிகரெட் பிடித்தார்களாம்.

குளிரில் நின்றபோதுதான் உறைத்தது. விளக்கு 'வென்ட் ஆஃப்' என்றால் அணைந்தது, அலாரம் என்றால் அலறியது, குண்டு என்றால் வெடித்தது, பால் என்றால் கெட்டுப்போனது. 'ஆஃப்' என்பதை மட்டும் முறைத்துப் பார்த்துப் பயனில்லை, எது 'ஆஃப்' போகிறது என்று பார்க்க வேண்டும்.

மறுநாள் ஃப்ளீட் தெருவுக்குப் பின்னால் காஃப் சதுக்கம், 17ஆம் எண் வீட்டுக்குப் போனேன். சாமுவேல் ஜான்சன் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். 1755இல் வெளிவந்த அவருடைய ஆங்கில அகராதி இங்கேதான் மாடியறையில் உருவானது. வினையோடு ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிப் பொருளையே மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டினரை மிகவும் திணறடிக்கிறது என்று அதன் முன்னுரையில் எழுதியிருக்கிறார் மனிதர். 'ஃபால் ஆன்' என்றால் தாக்குவது என்பது அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று. நம் கஷ்டம் அப்போதே தெரிந்திருக்கிறது, எனக்கு அது ஒரு அற்ப ஆறுதல். வெளியே சதுக்கத்தில் அவருடைய பூனை ஹாட்ஜுக்குக்கூட ஒரு சிலை இருக்கிறது.

இதில் ஆங்கிலத்தை மட்டும் திட்டவும் முடியாது. நாம் வெள்ளை அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், கண் அடிக்கிறோம், வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, இதில் எங்கே அடி விழுகிறது? தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரர் என்ன பாடுபடுவார், பாவம். பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் 'அடி'க்குப் பொருள் எடுக்கிறோம், யோசிக்காமலே.

மூன்றாம் நாள் எடின்பரோ ரயில். கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொல்லி, டாக்சிக்காரரிடம் "ட்ராப் ஆஃப் மீ அட் கிங்ஸ் கிராஸ்" என்றேன். அவர் சிரிக்காமல், "ஐ வில் ட்ராப் யூ ஆஃப்" என்றார். திருத்தினாரா, பதில்தான் சொன்னாரா, தெரியாது, எனக்குப் பாடம் கிடைத்தது. பெட்டியை என்றால் 'ட்ராப் ஆஃப் தி பேக்', 'ட்ராப் தி பேக் ஆஃப்' இரண்டும் சரி, ஆனால் மீ, யூ, இட் வந்தால் நடுவில்தான் உட்காரும். எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், 'லுக் ஆஃப்டர்' பிரியவே பிரியாது.

ரயிலில் எதிரே ஒரு பாட்டி. பீட்டர்பரோ தாண்டியதும் திடுக்கிட்டு நிமிர்ந்து, "சாரி, ஐ மஸ்ட் ஹாவ் ட்ராப்ட் ஆஃப்" என்றார். காலையில் படித்த பாடம் சூடாக இருந்ததா, யார் இவரை எங்கே இறக்கிவிட்டார்கள் என்று குழம்பி, சரி, எதையோ கீழே போட்டுவிட்டார் போல என்று குனிந்து சீட்டுக்கடியில் தேட ஆரம்பித்துவிட்டேன். கண்ணயர்ந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவரே விளக்கிச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

யார்க்குக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. 'ஹெல்ட் அப்' ஆகியிருக்கிறோம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு. நான் அறிந்த ஹெல்ட் அப் துப்பாக்கியைக் காட்டி நிறுத்துவது ஒன்றுதான். பயப்படுவதற்கு முன் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று திரும்பினேன். அவர் மறுபடியும் ட்ராப் ஆஃப் ஆகியிருந்தார்.