99.2-இல் நிற்கும் டோரண்ட்

டோரண்ட் என்பது ஒரு கோப்பை இணையம் வழியாகப் பலரும் ஒருவருக்கொருவர் துண்டு துண்டாகக் கொடுத்து வாங்கும் முறை. அதற்கான மென்பொருளைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் போவது சதவீதத்துக்குத்தான். 40, 70, 95 என்று அது ஏறிக்கொண்டே வந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. ஆனால் அந்த எண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நம்மிடம் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது என்பது. மீதி வருமா, வருவதற்கு வழி இருக்கிறதா என்று அதைக் கேட்டால் பதில் கிடையாது. பதில் சொல்கிற எண் வேறு. நான் பயன்படுத்தும் க்யூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளில் அதற்கு ‘அவைலபிலிட்டி’ என்று பெயர். என் திரையில் அது வலது கோடியில், பட்டியலைத் தள்ளிப் பார்த்தால்தான் தெரிகிற இடத்தில் கிடக்கிறது. அந்த எண்ணுக்காகத்தான் இந்தப் பதிவு.

நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ள அவ்வப்போது போவேன். அங்கே இருப்பவை பென்டியம் 4 பெட்டிகள், 512 எம்பி ராம். லினக்ஸ் இயங்குதளத்தின் பெரிய டிஸ்ட்ரோக்களில் (வெவ்வேறு குழுக்கள் வெளியிடும் வடிவங்களில்) பலவும் இப்படிப்பட்ட பழைய 32 பிட் கணினிகளைக் கைவிட்டுவிட்டன. அதனால் சின்ன டிஸ்ட்ரோ ஒன்றின் பழைய பதிப்பைத் தேடிப் போனோம். அதன் தளத்தில் பழைய பதிப்புகளை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு டோரண்ட் மட்டும்தான். ஒரு சிடியில் அடங்கும் ஐஎஸ்ஓ கோப்பு (சிடியின் முழு நகல்), 696 எம்ஐபி (மெபிபைட்).

முதல் நாள் நன்றாகவே இறங்கியது. 99.2-இல் நின்றது. நிலை என்ற இடத்தில் ‘ஸ்டால்ட்’ (நின்றுவிட்டது), மீதி நேரம் என்ற இடத்தில் முடிவிலிக் குறி.

“இன்னும் கொஞ்சம்தானே சார், ராத்திரி ஓடட்டும், காலையில முடிஞ்சிரும்” என்றார் கம்ப்யூட்டர் டீச்சர். சதவீதத்தைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நூறில் தொண்ணூற்றொன்பது வந்தாச்சு, மிச்சம் வராமலா போகும்?

பட்டியலை வலது பக்கம் தள்ளிக் காட்டினேன். அவைலபிலிட்டி 0.992.

இந்த எண்ணைப் படிக்கும் முறை இதுதான். டோரண்டில் ஒரு கோப்பு சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. எங்கள் கோப்பில் ஒரு துண்டு 512 கேஐபி (அரை எம்ஐபி), மொத்தம் 1392 துண்டுகள். நாமும் நம்மோடு இணைந்திருப்பவர்களும் வைத்திருக்கிற பிரதிகளை மென்பொருள் துண்டு வாரியாக எண்ணுகிறது. எல்லாவற்றிலும் அரிதான துண்டுக்கு எத்தனை பிரதிகளோ, அதுதான் புள்ளிக்கு முன்னால் வரும் எண். அதைவிடக் கூடுதலான பிரதிகள் உள்ள துண்டுகள் மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பது புள்ளிக்குப் பின்னால். ஆக 0.992 என்றால், பூஜ்யம் பிரதி உள்ள துண்டுகள் சில இருக்கின்றன, மற்ற 1381-ம் எங்கோ இருக்கின்றன. 11 துண்டுகள் யாரிடமும் இல்லை. ராத்திரி முழுக்க ஓடவிட்டாலும், முழுக் கோப்போ அந்தத் துண்டுகளோ வைத்திருக்கும் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தால் ஒழிய, எதுவும் மாறாது.

இதை உறுதிப்படுத்த இன்னொரு இடம் உண்டு. பியர்ஸ் தாவலைத் திறந்தால் இணைந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று தெரியும். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் 99.2. ஒருவருக்கொருவர் கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு அத்தனை பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இப்படி ஒரே எண் வரிசையாகத் தெரிந்தால் அவைலபிலிட்டியைப் பார்க்காமலேயே விஷயம் புரிந்துவிடும்.

சீட்ஸ் என்ற இடத்தில் ‘0 (3)’ என்று இருந்ததைக் காட்டி, “மூணு பேர் முழுசா வச்சிருக்காங்கன்னு போட்டிருக்கே சார்” என்று டீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. முதலில் வரும் 0, முழுக் கோப்பு வைத்திருப்பவர்களில் நாம் நேரடியாக இணைந்திருக்கும் ஆட்கள். அடைப்புக்குள் இருக்கும் 3, யார் யார் இந்தக் கோப்பைப் பகிர்கிறார்கள் என்று குறித்துவைக்கும் டிராக்கர் என்கிற சர்வர் சொல்லும் கணக்கு. அந்த மூன்று பேரும் நம்மால் எட்ட முடியாத இடத்தில் இருக்கலாம், எப்போதோ கணினியை மூடிவிட்டும் போயிருக்கலாம். நான் நம்புவது முதல் எண்ணை மட்டும்தான்.

இந்த டோரண்ட் முறையை உருவாக்கிய பிராம் கோஹன், பிட்டோரண்ட் என்ற பெயரில் 2001-இல் அதை வெளியிட்டார். அரிதான துண்டை முதலில் கேட்டு வாங்கு என்பது அதில் அடிப்படையான ஏற்பாடு. முழுக் கோப்பு வைத்திருப்பவர் பாதியில் கிளம்பினாலும் கூட்டத்திடம் எல்லாத் துண்டும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. அப்படியும் கடைசி ஆள் கொஞ்சம் முந்திக் கிளம்பினால் இப்படி 11 துண்டுகள் விட்டுப்போகும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

எனக்குத் தெரிந்த சர்வீஸ் கடை அண்ணாச்சி ஒருவர் பழைய சிடிக்கள் எதையும் தூக்கிப் போடமாட்டார். அதே டிஸ்ட்ரோ, அதே பதிப்பு, அவர் எப்போதோ எழுதி வைத்த சிடி ஒன்று அலமாரியில் இருந்தது. வெளி விளிம்பில் நல்ல கீறல். “இது ஓடாது தம்பி, வேணும்னா எடுத்துட்டுப் போ” என்றார். டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் படித்தோம். படிக்க முடியாத இடங்களை விட்டுவிட்டு, முடிந்ததையெல்லாம் அது எடுத்துக் கொடுத்தது. அந்தக் கோப்பை வைத்து நிறுவ முடியாது, அங்கங்கே ஓட்டை. ஆனால் டோரண்டுக்கு அது போதும்.

எங்களிடம் இருந்த 99.2 சதவீதக் கோப்பை வேறு ஃபோல்டரில் பத்திரமாக நகல் எடுத்தோம். சிடியிலிருந்து வந்த கோப்பை அதே பெயரில் அதன் இடத்தில் வைத்துவிட்டு ‘ஃபோர்ஸ் ரீசெக்’ (மறுசோதனை) கொடுத்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை மாதிரி 20 பைட் நீளமுள்ள எஸ்எச்ஏ-1 ஹாஷ் ஒன்று, பதிவிறக்கத்தைத் தொடங்கிவைக்கும் சின்ன டோரண்ட் கோப்பிலேயே இருக்கிறது. கோப்பு எங்கிருந்து வந்தது என்று மென்பொருள் கேட்பதில்லை. துண்டின் ஹாஷ் பொருந்தினால் வைத்துக்கொள்ளும், பொருந்தாவிட்டால் தள்ளிவிடும். அண்ணாச்சி கடைக் கீறல் சிடியை நம்பலாமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

சோதனை முடிந்தபோது சதவீதம் 96.8. டீச்சரின் முகம் வாடிவிட்டது. 99.2-இலிருந்து கீழே இறங்கியிருக்கிறதே!

அவைலபிலிட்டி 1.992.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே பார்க்க வேண்டும். சதவீதம் குறைந்தது, ஆனால் பூஜ்யம் பிரதி உள்ள துண்டு இப்போது ஒன்றும் இல்லை, நிலைமை சரியானது. சிடியில் எழுத்து உள்ளே இருந்து வெளியே போகும், ஆகவே விளிம்புக் கீறல் தின்றது கோப்பின் கடைசிப் பகுதியை. ஜெனரல் தாவலில் இருக்கும் துண்டுப் பட்டையில் அது அப்படியே தெரிந்தது, வலது ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக. முன்பு காணாமல் போயிருந்த 11 துண்டுகளோ நடுவில் அங்கங்கே சிதறியவை, அவை இப்போது நீலமாகியிருந்தன. நம்மிடம் இல்லாதது எல்லாம் மற்றவர்களிடம் இருந்தது, அவர்களிடம் இல்லாதது நம்மிடம். மிச்சம் இருந்த 44 துண்டுகள், மொத்தம் 22 எம்ஐபி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து 100 ஆனது.

அதோடு முடியவில்லை. பியர்ஸ் தாவலுக்குப் போனால் 99.2 என்று உறைந்து கிடந்த வரிசை நகர ஆரம்பித்திருந்தது. ஒவ்வொருவருக்கும் தேவை வெறும் ஐந்தரை எம்ஐபி. ஒருவர் 100 ஆனார், அடுத்தவர், அதற்கடுத்தவர். கொடிகளைப் பார்த்தால் யார் எந்த நாடு என்று தெரிந்தது. பிரேசிலில் ஒருவர், போலந்தில் ஒருவர். எவ்வளவு காலமாகக் காத்திருந்தார்களோ, நாகர்கோவில் அலமாரியில் கிடந்த ஒரு சிடியால் அவர்கள் கோப்பு முழுமையடைந்தது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசி ஆள் வரை பார்த்தார்.

இவ்வளவும் திரையில் இருக்கிற தகவல்தான். ஆனால் தேடிப் போய் எடுக்க வேண்டியிருக்கிறது. 2002-இல் வந்த ஈம்யூல் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் இந்த விஷயத்தில் இன்றைய மென்பொருள்களைவிட மேல் என்று நினைக்கிறேன். அதன் பட்டையிலேயே எல்லாம் இருந்தது. கருப்பு என்றால் நம்மிடம் வந்துவிட்டது. நீலம் என்றால் மற்றவர்களிடம் இருக்கிறது, நீலம் அடர்த்தியாக ஆக நிறையப் பேரிடம் இருக்கிறது. சிவப்பு என்றால் தெரிந்த யாரிடமும் இல்லை. சதவீதத்தையே பார்க்காமல், பட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். க்யூபிட்டோரண்டிலும் துண்டுப் பட்டைக்குக் கீழே தனியாக ஒரு அவைலபிலிட்டிப் பட்டை உண்டு, அதுவும் நீலத்தின் அடர்த்தியால் பேசுகிறது. ஆனால் அதைப் பார்க்க டோரண்டைத் தேர்ந்தெடுத்து, ஜெனரல் தாவலுக்குள் போக வேண்டும்.

நான் ஃபோனில் பயன்படுத்திப் பார்த்த டோரண்ட் செயலிகளில் பட்டியல் திரையில் இருப்பது சதவீதமும் வேகமும்தான். சின்னத் திரை, இடம் இல்லை என்பார்கள். சரி, எண்ணே வேண்டாம். அவைலபிலிட்டி 1-க்குக் கீழே போகும்போது மட்டும் அந்த வரியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால் போதும். ‘ஸ்டால்ட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக ‘11 துண்டுகள் யாரிடமும் இல்லை’ என்று எழுதினால் இன்னும் நல்லது. கணக்கு ஏற்கெனவே மென்பொருளுக்குள் இருக்கிறது. அதைப் படிப்பவர், காத்திருப்பதா, வேறு இடத்தில் தேடுவதா, அலமாரியில் பழைய சிடி இருக்கிறதா என்று அண்ணாச்சியிடம் கேட்பதா என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிடலாம்.