பிரவுசர் வசதியை சோர்ஸ் கோடில் தேடும்போது எங்கே தொடங்குவது?

ஒரு வசதி கோடில் இருப்பது வேறு, பயனரின் பிரவுசரில் இயங்குவது வேறு. தேடத் தெரிந்தவர்களும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். சி பிளஸ் பிளஸ் ஃபைலில் ஃபங்ஷன் பெயர் கிடைத்ததும் "இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதை ஆன் அல்லது ஆஃப் செய்யும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

தேடும் இடங்கள் மூன்று. குரோமின் ஓப்பன் சோர்ஸ் அடித்தளமான குரோமியத்துக்கு அதன் சொந்த கோட் சர்ச் தளம், ஃபயர்ஃபாக்ஸுக்கு சர்ச்ஃபாக்ஸ் தளம், 2022 முதல் கிட்ஹப்பில் இருக்கும் வெப்கிட்டுக்கு (சஃபாரியின் என்ஜின்) கிட்ஹப் தேடல். கிட்ஹப்பில் லாகின் செய்தால்தான் கோடுக்குள் தேட முடியும். அது கோடின் முதன்மைக் கிளையை (பிராஞ்ச்) மட்டுமே தேடும், பெரிய ஃபைல்களை விட்டுவிடும். அதனால் அங்கே ஒன்று கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

கிளிப்போர்டில் உள்ள எழுத்தைப் படிக்கும் ரீட்டெக்ஸ்ட் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். 'கிளிப்போர்டு' என்று மட்டும் தேடினால் குப்பையாக வந்து விழும். முதலில் ஐடிஎல் ஃபைல்களை, அதாவது இன்டர்ஃபேஸ் அறிவிப்பு ஃபைல்களை, மட்டும் வடிகட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரவுசர் தரும் வசதிகளின் பெயர்கள் அங்கேதான் அறிவிக்கப்படுகின்றன, ஃபைல்களும் சிறியவை. ரீட்டெக்ஸ்ட் இருக்கும் கிளிப்போர்டு, ஜாவாஸ்கிரிப்டில் நேவிகேட்டர் என்ற பொருளுக்குள் வரும். ஆனால் குரோமியத்தில் நேவிகேட்டரின் முதன்மை ஐடிஎல்லைத் திறந்தால் கிளிப்போர்டு அங்கே இருக்காது. 'பார்ஷியல் இன்டர்ஃபேஸ்' (இன்டர்ஃபேஸின் ஒரு பகுதி) என்ற அறிவிப்பாகத் தனி ஃபைலில், கிளிப்போர்டு மாட்யூல் ஃபோல்டருக்குள் இருக்கும். புதிய வசதிகள் பலவும் இப்படித்தான் சிதறிக் கிடக்கும்.

அந்த வரிக்கு முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதை நிதானமாகப் படியுங்கள். 'செக்யூர் கான்டெக்ஸ்ட்' என்றிருந்தால், சாதாரண எச்டிடிபி பக்கத்தில் அந்தப் பொருளே இருக்காது. "என் சர்வரில் மட்டும் அன்டிஃபைன்டு வருகிறது" என்ற புகார்களில் பலவற்றுக்கு விடை இந்த ஒரு சொல்தான். ஸ்விட்ச் பெயரும் அங்கேயே இருக்கும்: குரோமியத்தில் 'ரன்டைம் எனேபிள்டு', ஃபயர்ஃபாக்ஸில் 'பிரெஃப்', வெப்கிட்டில் 'எனேபிள்டு பை செட்டிங்'.

இனி ஸ்விட்ச் பட்டியலுக்குப் போங்கள். குரோமியத்தில் ரன்டைம் ஃபீச்சர்கள் எல்லாம் ஒரே ஜேசன்5 ஃபைலில் இருக்கின்றன. அதில் நிலை 'ஸ்டேபிள்' என்றிருந்தால் எல்லோருக்கும் திறந்தது. 'எக்ஸ்பெரிமென்டல்' அல்லது 'டெஸ்ட்' என்றிருந்தால் இன்னும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் ஸ்டேடிக் பிரெஃப் லிஸ்ட் என்ற யாமல் ஃபைல். மதிப்பு ட்ரூ, ஃபால்ஸ் என்று மட்டும் இருக்காது, நைட்லி (தினசரி சோதனை) பில்டில் மட்டும் ஆன் என்றும் இருக்கலாம். ரீட்டெக்ஸ்ட் விஷயத்தில் கோடும் ஸ்விட்சும் இப்படித்தான் தனித்தனியே நின்றன. ஃபயர்ஃபாக்ஸ் கோடில் அது முன்பே இருந்தது, எக்ஸ்டென்ஷன்களும் பயன்படுத்தின. பொதுவான வலைப்பக்கங்களுக்குத் திறந்தது 2024 ஏப்ரலில் வந்த 125ஆம் பதிப்பில்தான்.

இதற்குப் பிறகுதான் சி பிளஸ் பிளஸ். பெயர் மாறும் என்பதை மறக்க வேண்டாம். குரோமியத்தின் என்ஜினான பிளிங்க்கில் ஃபங்ஷன் பெயர் ஜாவாஸ்கிரிப்டில் உள்ளபடியே சிறிய எழுத்தில் தொடங்கும், ஃபயர்ஃபாக்ஸில் முதல் எழுத்து பெரிதாகிவிடும். 'இம்ப்ளிமென்டட் ஆஸ்', 'பைனரி நேம்' என்ற குறிப்பு ஐடிஎல்லில் இருந்தால் பெயரே வேறு. இன்னும் எளிய வழி, கன்சோலில் வரும் பிழைச் செய்தியை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுவது. 'டாக்குமென்ட் இஸ் நாட் ஃபோகஸ்டு' என்ற வாக்கியம் குரோமியத்தில் நேரே கிளிப்போர்டு ப்ராமிஸ் ஃபைலுக்குக் கொண்டுபோகும். ஃபோகஸ், பர்மிஷன், ஐஃப்ரேமுக்கான பாலிசி எல்லாம் எந்த வரிசையில் சோதிக்கப்படுகின்றன என்பது அங்கே கண்கூடாகத் தெரியும். ஆவணங்கள் அந்த வரிசையைச் சொல்வது அபூர்வம்.

ஆவணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த பிரவுசர் எதை ஆதரிக்கிறது என்று காட்டும் எம்டிஎன் தளத்தின் அட்டவணைகளுக்கு அடியில் ஒரு ஓப்பன் சோர்ஸ் ஜேசன் தொகுப்பு இருக்கிறது. அட்டவணையில் மேலோட்டமாகத் தெரியும் ஃப்ளாக், பகுதி ஆதரவு, குறிப்பு எல்லாம் அதில் முழுதாகக் கிடைக்கும். கேன் ஐ யூஸ் தளமும் பல வசதிகளுக்கு அதே தொகுப்பிலிருந்துதான் எடுக்கிறது. அதனால் இரண்டு தளமும் ஒரே பதில் சொன்னால் அதை இரண்டு சாட்சி என்று எண்ணக் கூடாது.

ஒரு கமிட்டின் (கோடில் பதிவான மாற்றத்தின்) தேதியை வைத்து எந்தப் பதிப்பு என்று ஊகிக்காதீர்கள். வெளியீட்டுக் கிளை பல வாரங்கள் முன்பே பிரிந்திருக்கும். கிட் டேக் கட்டளையில் 'கன்டெய்ன்ஸ்' கொடுத்துப் பாருங்கள், அல்லது குரோமியம் டேஷ் தளத்தில் கமிட் எண்ணைப் போடுங்கள். அதே தலைப்போடு 'ரிவர்ட்' என்று தொடங்கும் கமிட் பின்னால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேர்த்த மறுநாளே திரும்பப் பெறப்படும் மாற்றங்கள் உண்டு.

வரலாற்றைத் தோண்ட கிட் லாக் கட்டளையில் பெரிய எஸ் ஆப்ஷன் அருமையானது. ஒரு சொல் எப்போது நுழைந்தது, எப்போது போனது என்று காட்டும். ஆனால் இடம் மிச்சம் பிடிக்க பிளாப் (ஃபைல்களின் உள்ளடக்கம்) இல்லாமல் குளோன் செய்திருந்தால் அது ஒவ்வொரு பழைய ஃபைலையும் நெட்டிலிருந்து இழுக்கும், உறைந்துபோனது போலத் தோன்றும். ஃபோல்டரைக் குறிப்பிட்டுத் தேடினால் தாங்கும்.

நடத்தை பற்றிச் சந்தேகம் என்றால், பிரவுசர்களுக்குப் பொதுவான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்டுகளில் கிளிப்போர்டு ஏபிஐ ஃபோல்டரைத் திறங்கள். மூன்று என்ஜின்களும் அந்த டெஸ்ட்டுகளின் நகலைத் தங்கள் கோடுக்குள் வைத்திருக்கின்றன, தோற்கும் என்று தெரிந்தவற்றைத் தனியாகக் குறித்தும் வைக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸில் மெட்டா ஃபோல்டரின் ஐஎன்ஐ ஃபைல்கள், குரோமியத்தில் டெஸ்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ், வெப்கிட்டில் 'எக்ஸ்பெக்டட்' என்று முடியும் டெக்ஸ்ட் ஃபைல்களில் வரும் 'ஃபெயில்' வரிகள். எது இன்னும் சரியாக வேலை செய்யவில்லை என்று என்ஜின் எழுதுபவர்களே ஒப்புக்கொண்ட பட்டியல் அது. பல வரிகளுக்குப் பக்கத்திலேயே பக் எண்ணும் இருக்கும்.