'நூலகத்தை நிர்வகித்தேன்'

பதினோராம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரம். விடுமுறையில் பொது நூலகம் ஒன்றில் மாணவர்களைப் பகுதி நேர உதவிக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. விண்ணப்பத்தோடு ஒரு ரெஸ்யூமேயும் கேட்டிருந்தார்கள். அங்கேதான் உதைத்தது.

அன்று இரவு வேர்டில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பேரை எழுதினேன், போன் நம்பரை எழுதினேன். இமெயில் முகவரியை அடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் வீடியோ கேம் பைத்தியம் பிடித்திருந்தபோது தொடங்கியது. அதில் 'கில்லர்' இருக்கிறது, 'கிங்' இருக்கிறது, என் பேர் மட்டும் இல்லை. பேரை வைத்துப் புதிதாக ஒன்று தொடங்கினேன். அப்புறம் 'அனுபவம்' என்று தலைப்புப் போட்டேன். அதற்குக் கீழே எழுத ஒன்றும் வரவில்லை. படுத்துவிட்டேன்.

மறுநாள் இணையத்தில் ஒரு டெம்ப்ளேட் கிடைத்தது. அருகருகே இரண்டு பத்திகள், இடது பக்கம் நீலப் பட்டை, ஒவ்வொரு திறமைக்கும் ஐந்து நட்சத்திரம். திருமணமானவரா என்றுகூட அதில் ஒரு கட்டம் இருந்தது! அதை அழித்துவிட்டு, 'தலைமைப் பண்பு' என்பதற்கு நான்கு நட்சத்திரம் போட்டேன். ஐந்து போட்டால் தற்பெருமை என்று நினைத்துவிடுவார்களே.

பின்னால் வந்து நின்ற அக்கா கேட்டாள்: "நாலு ஸ்டார் யாரு குடுத்தா?"

"நானேதான்."

"அப்ப அஞ்சாவதையும் நீயே குடுத்துக்க வேண்டியதுதானே?"

நட்சத்திரங்கள் போயின. கூடவே 'கடின உழைப்பாளி', 'குழுவாகச் செயல்படும் திறன்' எல்லாம் போயின. பாதிப் பக்கம் காலி. அந்தக் காலியை நிரப்பத்தான் அந்த வரியை எழுதினேன்: 'பள்ளி நூலகத்தை நிர்வகித்தேன்.'

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டு முழுக்க வாரம் இரண்டு பாடவேளை நூலகத்தில்தான் இருந்தேன். ஆனால் 'உதவினேன்' என்று எழுதினால் சப்பென்று இருந்தது.

நம்மைப் பற்றி விசாரிக்க ஒருவருடைய பேரும் தொடர்பு எண்ணும் தர வேண்டும் என்றார்கள். கேட்காமல் யார் பேரையும் போடாதே என்று அக்கா முன்பே சொல்லியிருந்ததால், நூலகப் பொறுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தேன்.

"தாராளமாப் போட்டுக்கோ. ஆனா என்ன எழுதியிருக்கேன்னு முதல்ல காட்டு."

தாளை வாங்கிப் படித்தார். விரல் அந்த வரியில் நின்றது.

"நீ நிர்வகிச்சியா? அப்ப நான் இங்க என்ன பண்ணிட்டிருந்தேன்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. பிறகு அவரே கேட்டார், "அந்த இயற்பியல் வரிசையைச் சரி பண்ணது யாரு? அதை ஏன் எழுதல?"

அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. எங்கள் நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க டியூவி தசம முறைப்படி எண் போட்டிருப்பார்கள். இயற்பியலுக்கு 530. அதற்குள் குவாண்டம் இயக்கவியல் 530.12, அளவியல் 530.8. எட்டைவிடப் பன்னிரண்டு பெரிது என்று நினைத்து மாணவர்கள் 530.12-ஐப் பின்னால் செருகிவிடுவார்கள். தசமத்தில் .12 முன்னால் வர வேண்டும். இப்படி இடம் மாறிய புத்தகத்தைத் தேடி வருகிறவர், 'இல்லை' என்று திரும்பிப் போய்விடுவார். நான் அந்த அலமாரியை முழுக்க இறக்கி அடுக்கி, .12, .8 எடுத்துக்காட்டோடு ஓர் அட்டை எழுதி ஓரத்தில் ஒட்டியிருந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

வரி இப்படி மாறியது: 'பள்ளி நூலகத்தில் ஓராண்டு, வாரம் 2 பாடவேளை. இயற்பியல் அலமாரியை டியூவி எண் வரிசைப்படி திருத்தி அடுக்கி, மாணவர்களுக்கு வழிகாட்டி அட்டை எழுதி வைத்தேன்.' எண்கள் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று '500 புத்தகங்கள்' என்றும் சேர்த்திருந்தேன். "எண்ணினியா?" என்றார் டீச்சர். எண்ணவில்லை. எடுத்துவிட்டேன்.

எதை மேலே போடுவது என்று ஒரு மாலை முழுக்க இழுத்தடித்தேன். அந்தச் சாக்கில் கண்டதையும் படித்ததில் லியோனார்டோ டா வின்சி வந்தார். 1482 வாக்கில் மிலனை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு அவர் எழுதிய கடிதத்தைத்தான் முதல் ரெஸ்யூமே என்று பலர் சொல்கிறார்கள். அதில் பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு ஓவியம் வரைவதைக் கடைசியில்தான் வைத்திருக்கிறார். ஆட்சியாளருக்கு என்ன தேவை என்று பார்த்திருக்கிறார் மனுஷன். நான் மதிப்பெண்களைக் கீழே இறக்கி, நூலக வரியை மேலே ஏற்றினேன்.

பிடிஎஃப் ஆக்கி விண்ணப்பப் பக்கத்தில் ஏற்றினேன். நம் கோப்பைப் படித்து அதுவே கட்டங்களை நிரப்பிக்கொள்ளும். பேர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'தட்டச்சு' என்று வந்தது. பள்ளிக்கான கட்டத்தில் பாதி போன் நம்பர். இரண்டு பத்தியையும் குறுக்கே ஒரே வரியாகப் படித்துத் தொலைத்திருக்கிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: பிடிஎஃப்-இல் உள்ளதை முழுக்க நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே குழம்பிக் கிடந்தால் விண்ணப்பத்திலும் குழம்ப வாய்ப்பு அதிகம். நீலப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே பத்தியாக, ஒரே பக்கத்தில் மறுபடி அடித்தேன். பார்க்கச் சாதாரணமாக இருந்தது, ஆனால் கட்டங்கள் சரியாக நிரம்பின. 'ரெஸ்யூமே ஃபைனல் புதுசு 3' என்றிருந்த கோப்புக்கு என் பேரை வைத்து அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். நூலகர் அம்மா ரெஸ்யூமேயை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். மதிப்பெண் பக்கம் போகவே இல்லை. மேசையில் கிடந்த இரண்டு சமையல் புத்தகங்களை என் பக்கம் தள்ளினார். ஒன்றின் முதுகில் 641.5, இன்னொன்றில் 641.33.

"எது முன்னால வரும்?"

"முப்பத்து மூணு, மேடம்."

தாளை மடித்து டிராயரில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர முடியும் என்று கேட்டார்.