பெங்களூரில் மியூச்சுவல் டைவர்ஸ் (இருவரும் சம்மதித்துப் பெறும் விவாகரத்து): எங்கே சிக்குகிறது

"ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் பேசி, பத்திரத்துல எழுதி வாங்கியாச்சே, அப்புறம் எதுக்கு கோர்ட்?" தமிழர்கள் அதிகமுள்ள அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் இந்தக் கேள்வி இன்னும் வருகிறது. 100 ரூபாய் முத்திரைத்தாளும் நோட்டரி சீலும் கல்யாணத்தை முறிக்காது. பத்து வருஷம் பிரிந்திருந்தாலும் அது தானாக முறியாது. கோயிலில் தாலி கட்டி, பதிவே செய்யாத கல்யாணத்துக்கும் தீர்ப்பு வாங்கியாக வேண்டும். பதிவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகையையும் போட்டோவையும் வைத்து மனு போடலாம்.

"கல்யாணம் மதுரையில், கேஸும் மதுரையில்தான்" என்பதும் தப்பு. கடைசியாகச் சேர்ந்து குடியிருந்தது பெங்களூர் என்றால் சித்தையா ரோடு நியாய தேகுலா கட்டிடத்தில் உள்ள குடும்ப நீதிமன்றம் போதும். தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவி அந்த ஊரிலும் போடலாம். கணவர் இங்கே போட்டதைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற உச்ச நீதிமன்றம்தான் போக வேண்டும். வேறு மாநிலம் என்பதால் உயர் நீதிமன்றத்தால் முடியாது.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில், 1 வருஷம் பிரிந்திருந்த பிறகே முதல் மனு. ஒரே வீட்டில் இருந்தும் கணவன் மனைவியாக வாழாத காலமும் இதில் சேரும். அடுத்த கட்டமான இரண்டாவது மனு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள். "உச்ச நீதிமன்றத்தோட 2017 தீர்ப்புக்கு அப்புறம் அந்த 6 மாதம் கிடையாது" என்பது பாதி உண்மை. முதல் மனு போடும்போதே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மீடியேஷன் (சேர்த்துவைக்கும் சமரசப் பேச்சு) பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் தீர்ந்திருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால் விலக்குக் கேட்டுத் தனி மனு போடலாம். கொடுப்பது நீதிபதியின் முடிவு.

உண்மையான வேலை, இருவரும் கோர்ட்டில் கொடுக்கும் சமரச ஒப்பந்தத்தின் வாசகத்தில்தான். "பையன் அம்மாவிடம், அப்பா வந்து பார்க்கலாம்" என்று ஒரே வரியில் முடித்தால் சண்டை நிச்சயம். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவிடுவது, ஏப்ரல்-மே லீவு யாரிடம், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து யார், எல்லாம் வர வேண்டும். நகையை "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதாமல் உருப்படிவாரியாக, கிராம் கணக்கில் எழுதுங்கள். பணத்தை முதல் நாளே முழுதாகக் கொடுப்பது முட்டாள்தனம்; தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். ஒரு பகுதி முதலில், மீதி கடைசி வாய்தாவில் டி.டி.யாக. டி.டி.யில் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஆட்களுக்கு ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் புருஷன் இனிஷியல் என்று இருக்கும். கடைசி நாளில் அதுவே தலைவலி.

கணவர் வீட்டார் கொடுமை செய்ததாக மனைவி போட்ட 498ஏ கிரிமினல் வழக்கு (2024 ஜூலை முதல் பிஎன்எஸ் 85) இருந்தால் விவாகரத்தோடு அது போய்விடாது. சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் தனியாக ரத்து செய்ய வேண்டும். அந்த மனுவுக்கு மனைவி ஒத்துழைப்பார் என்ற வரி ஒப்பந்தத்தில் விடுபடுவது சர்வ சாதாரணம்.

சம்பளம் வாங்கும் மனைவிக்கும் ஜீவனாம்சம் கிடைக்கலாம். கணவர் சொத்தில் பாதி என்ற சட்டமே இல்லை. பிள்ளைக்கு 5 வயது தாண்டினால் அப்பாவிடம்தான் என்பதும் கிடையாது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, கேட்பவர்தான் குறைவு.

தீர்ப்பு வந்ததும் சர்டிஃபைட் காப்பிக்கு (கோர்ட் சான்றளித்த நகல்) விண்ணப்பித்து இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி, இன்சூரன்ஸ் நாமினி பெயர்களை நீங்கள் மாற்றும்வரை பழைய பெயர்தான் நிற்கும்.