வெந்நீர் ஏரிக்கு எல்.சி.

2019 பிப்ரவரி 24, ஞாயிறு

அப்பா டொமினிக்கா வந்து பத்து நாள் ஆகிறது. (டொமினிக்கன் குடியரசு அல்ல. அது ஸ்பானிஷ் பேசுகிற வேறு நாடு. எங்களது ஆங்கிலமும் க்வெயோல் என்கிற பிரெஞ்சுக் கலப்பு மொழியும் பேசுகிற சின்னக் கரீபியத் தீவு. இதை யாருக்குச் சொன்னாலும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.) இதுவரை அவரை டிரஃபால்கர் அருவிக்கும் எமரால்டு குளத்துக்கும் கூட்டிப்போனேன். வாட்டன் வேவனில் கந்தக வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தேன். எல்லாமே காரை விட்டு இறங்கிக் கால்மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடங்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சதுரகிரிக்கு வருடம் தவறாமல் ஏறுகிற மனிதருக்கு இதெல்லாம் கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரிதான் என்று முகத்தில் தெரிந்தது.

இன்று காலை காபியோடு சுவரிலிருந்த தீவு வரைபடத்தின் முன்னால் நின்றார்.

"பாயிலிங் லேக்னு போட்டிருக்கே, நிசமாவே கொதிக்குமா?"

கொதிக்கும். ஏறக்குறைய 60 மீட்டர் அகலம். கரையோரத்தில் அளந்தாலே 80, 90 டிகிரி இருக்கும். நடுவில் அளக்க வழியில்லை, அங்கே தண்ணீர் குமுறிக்கொண்டே இருக்கும். பூமிக்கடியிலிருந்து ஆவி வெளிவருகிற துளை ஒரு பள்ளத்தின் அடியில் இருக்கிறது. பள்ளத்தில் மழைநீரும் ஓடைநீரும் நிறைந்து ஏரியாகிவிட்டது. இந்த வகையில் இதைவிடப் பெரியது உலகத்தில் ஒன்றுதான், நியூசிலாந்தில்.

"போலாமா?" என்றார்.

போக வர 13 கிலோமீட்டர். மலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, ஆறேழு மணி நேரம். அப்பாவுக்கு 66 வயது. பிரஷர் மாத்திரை ஒன்று. எனக்கு 41 வயது, 92 கிலோ, இடது முட்டியில் ஒரு சத்தம். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். என் உடல் இயங்குகிற லட்சணம் இது. வந்து ஒரு வருடமாகியும் அந்தப் பக்கம் போகவில்லை.

"பார்க்கலாம்ப்பா" என்றேன். இந்தப் பதிலுக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

பிப்ரவரி 26, செவ்வாய்

வகுப்பு முடிந்து வந்தால் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்து வைத்திருக்கிறார். எப்படி விசாரித்தார் என்று தெரியவில்லை. அவருக்கு ஆங்கிலம் "மீட்டர், ஃப்யூஸ், லோடு" அளவுக்குத்தான் வரும். ஒரு வழிகாட்டியின் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு மேசையில் இருந்தது.

மார்ச் 1, வெள்ளி

வழிகாட்டி வீட்டுக்கே வந்தார். லோடா கிராமத்துக்காரர்; பாதை தொடங்குவது அங்கேதான். ஐம்பது வயதிருக்கும். கையில் தடி, காலில் தேய்ந்த ஷூ. அப்பாவை "டாடி" என்று கூப்பிட்டார். அப்பா அவரைத் "தம்பி" என்றார். அதற்குமேல் இருவருக்கும் என் மொழிபெயர்ப்பு தேவைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

இருவருக்கும் சேர்த்து 300 ஈ.சி. (கிழக்குக் கரீபிய) டாலர் கேட்டார். அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக வைத்திருக்கிற நாணயம் இது, நம் ரூபாயில் ஏழாயிரத்து எண்ணூறு சொச்சம். அப்பாவிடம் சொன்னேன். "வழி காட்டவா?" என்றார். வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தேசியப் பூங்காவின் 5 அமெரிக்க டாலர் சீட்டு தனி என்பதை இப்போது சொல்லவில்லை.

வழிகாட்டி பாதையைச் சொல்லச் சொல்ல நான் தாளில் கோடு இழுத்துக்கொண்டேன். டிடூ பிளவுக்குப் பக்கத்தில் தொடக்கம். முதல் ஒரு மணி நேரம் காடு, மரக்கட்டைப் படிகள். பிறகு பிரேக்ஃபாஸ்ட் ஆறு. பழைய காலத்தில் அங்கே உட்கார்ந்துதான் காலைச் சாப்பாடாம். ஆற்றைக் கடந்தால் மார்ன் நிக்கல்ஸ் உச்சி, கடல்மட்டத்திலிருந்து 960 மீட்டருக்கு மேல். உச்சியிலிருந்து ஏரி தெரியாது, அதன் ஆவி மட்டும் தெரியும். அங்கிருந்து செங்குத்தாக இறங்கினால் பாழ்ப் பள்ளத்தாக்கு. மரம் கிடையாது, தரையெல்லாம் சாம்பல், மஞ்சள், வெள்ளை. ஓட்டை ஓட்டையாக ஆவி. அதைத் தாண்டி முக்கால் மணி நேரத்தில் ஏரி.

"சரி. திரும்பி வரும்போது?" என்றார் அப்பா.

வழிகாட்டி சிரித்துவிட்டு, வருகிற 10ஆம் தேதி மிடில்ஹாம் அருவிக்குப் போவோம், நீங்கள் நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிப்பேன் என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது என்னை.

மார்ச் 5, செவ்வாய்

இரண்டு நாளாகத் திட்டம் ஒன்றும் நகரவில்லை. ஊரே கார்னிவலில் இருக்கிறது. நேற்று விடியற்காலை 4 மணிக்கு ஊர்வலம் தொடங்கிவிட்டது. லாரி மேல் ஒலிபெருக்கி, உடம்பெல்லாம் பெயிண்ட், தெருவே ஆடுகிறது. நேற்று இரவுதான் மகாசிவராத்திரி. அப்பா சன்னல் ஓரம் விளக்கேற்றி, விபூதி பூசி, கண் விழித்து உட்கார்ந்திருந்தார். "நம்ம ஊர்லகூட ரெண்டாம் சாமத்துல பாதிப்பேர் தூங்கிருவான். இங்க ஒருத்தனும் தூங்கலையே!" என்று காலையில் மெச்சிக்கொண்டார்.

மார்ச் 7, வியாழன்

செருப்புப் பிரச்சினை.

அப்பா வெறுங்காலோடு வருவேன் என்கிறார். சதுரகிரியில் வழுக்குப்பாறையையே வெறுங்காலில் ஏறுபவன், செருப்புப் போட்டால்தான் வழுக்கும் என்கிறார். வழிகாட்டியிடம் போனில் கேட்டேன். முதல் பாதிக்கு டாடி சொல்வது சரி என்றார். பள்ளத்தாக்கில்தான் வம்பு: தரை கெட்டியாகத் தெரியும், மேலே மெல்லிய ஓடுதான், அடியில் கொதிக்கிற சேறு. கால் உள்ளே போனால் தோல் உரிந்துவிடும். அதனால் அவர் வைத்த அடியில்தான் நாங்கள் அடி வைக்க வேண்டும், ஷூவோடு.

"சுட்ட சோத்துப்பானையில கால வைக்கிற மாதிரின்னு சொல்லு" என்று அப்பாவே விளக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பம் ஏறி ஏறிப் பாதம் முறம்போல் விரிந்திருக்கிறது. தலைநகர் ரோசோவில் நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதில்தான் அகலமான ஷூ கிடைத்தது. வழியெல்லாம் அவர் பார்த்துக்கொண்டு வந்தது மின்கம்பங்களைத்தான். 2017 செப்டம்பர் 18இல் மரியா புயல் இந்தத் தீவைத் துவைத்துப் போட்டது. நிற்பதில் பாதி புதுக் கம்பம். "ஸ்டே கம்பிய இன்னும் இழுத்துக் கட்டியிருக்கணும்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு.

மனைவி மதுரையிலிருந்து பேசினாள். இந்த மாதம் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுப்பரீட்சை. "பரீட்சை முடியுற வரைக்கும் யாரும் எதையும் உடைச்சுக்காதீங்க. மாமாவப் பத்திக் கவலையில்ல, உங்களச் சொல்றேன்."

மார்ச் 10, ஞாயிறு

மிடில்ஹாம் அருவி. 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழுகிறது. போக ஒரு மணி நேரம் என்பார்கள், எங்களுக்கு ஒன்றேகால். அதில் அந்தக் கால் மணி என்னுடையது.

வழிகாட்டி முன்னால் போகவில்லை, பின்னால் வந்தார். யார் எங்கே மூச்சு வாங்குகிறார், யார் கையை ஊன்றுகிறார், யார் பேசிக்கொண்டே நடந்து கால் வைப்பதைக் கவனிக்காமல் விடுகிறார் என்று பார்த்திருக்கிறார். அப்பாவுக்கு ஏற்றம் பிரச்சினையே இல்லை. இறக்கத்தில் ஈரக் கட்டைப் படிகளில் அவசரப்படுகிறார் என்றார். எனக்கு ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் முட்டி, நடுவில் வாய். "நீ அதிகம் பேசுகிறாய்" என்று நேராகவே சொல்லிவிட்டார். விரிவுரையாளரிடம் யாரும் இதுவரை சொல்லாதது.

ஆனாலும் 16ஆம் தேதி சனிக்கிழமை என்று நாள் குறித்தார். எனக்கு இரண்டு ஊன்றுகோல், அப்பாவுக்கு ஒன்று. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர்.

மார்ச் 13, புதன்

இரண்டு நாளாக மலையில் மழை. ரோசோவில் வெயில் அடிக்கிறது, அண்ணாந்து பார்த்தால் உள்நாட்டு மலைகள் காணாமல் போயிருக்கின்றன. பிப்ரவரி முதல் மே வரை மழை குறைவான காலம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். குறைவு என்பது இங்கே வேறு கணக்கு. உச்சிகளில் வருடத்துக்கு 7,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிற இடம். விருதுநகர் மாவட்டத்துக்குச் சராசரி 800 சொச்சம்.

மாலையில் வழிகாட்டி வந்து முகப்பில் உட்கார்ந்தார். திட்டம் என்று இத்தனை நாள் நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் போகிற வழி. அவர் இன்று பேசியதெல்லாம் திரும்புகிற வழி. காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் மார்ன் நிக்கல்ஸ் உச்சியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்தே திரும்பல். ஆறு அவர் முட்டிக்கு மேல் ஓடினால் ஆற்றோடு சரி. ஏரியில் நீர்மட்டம் இறங்கியிருந்தால் கரைக்கு இறங்க விடமாட்டார், மேலேயிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

கடைசி விதி ஏன் என்று கேட்டேன். அடியிலிருந்து வருகிற ஆவியின் அழுத்தம்தான் அந்தத் தண்ணீரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் துளை வழியே வடிந்துவிடும். 2004 டிசம்பரில் அப்படித்தான் ஏரியே வற்றிப்போய், அடுத்த ஏப்ரலில் மறுபடி நிறைந்தது. அந்த மாதிரி நேரத்தில் பள்ளத்தில் என்ன வாயு தேங்கி நிற்கும் என்று சொல்ல முடியாது. 1901இல் ஒரு பயணியும் அவருடைய வழிகாட்டியும் அங்கே வாயுவில் செத்திருக்கிறார்கள். "வழிகாட்டியும்" என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். இவ்வளவு தூரம் வந்து, பாதியில் திரும்பு என்றால் ஒப்புவாரா? ஆற்றில் தொடங்கினேன். பாதிகூட முடிக்கவில்லை.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல நம்ம மலையில என்னாச்சு? கீழ சொட்டு மழையில்ல. மேல பெஞ்ச தண்ணி ஓடையில வந்து ஆளுகள அடிச்சிட்டுப் போயிருச்சு. போகும்போது முட்டியளவு, வரும்போது கழுத்தளவு. தம்பி சொல்றது சரிதான். ஆனா ஒண்ணு கேளு, திரும்புன்னு சொல்றது யாரு? அவரா, நீயா, நானா?"

கேட்டேன். வழிகாட்டி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அப்பா தலையாட்டினார். "எல்.சி. அவர்கிட்ட இருக்கு. அவ்வளவுதான?"

மின்வாரியத்து ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காக: லைன் கிளியர். எந்த லைனில் வேலையோ அதில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று துணைமின் நிலையத்தில் அனுமதி வாங்காமல் யாரும் கம்பத்தில் கை வைக்கக் கூடாது. எல்.சி. வாங்கியவர் திருப்பிக் கொடுக்காமல் லைனுக்கு உயிர் கொடுக்கவும் கூடாது. ஊரே இருட்டில் கத்தினாலும், பொறியாளரே வந்து அவசரப்படுத்தினாலும் அப்படித்தான். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு ராத்திரி எங்கள் தெருவே அப்பாவைத் திட்டியது ஞாபகம் இருக்கிறது. எல்.சி. வரவில்லை என்று கம்பத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாகூடத் திட்டினாள்.

இதையெல்லாம் வழிகாட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கை கொடுக்கவில்லை. நான் இன்னும் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உண்மையில் நான் மனதுக்குள் ஒன்பதரையைப் பத்தேகாலாக ஆக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, வெள்ளி

இரவு. மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

பை கட்டியாயிற்று. மாற்றுத் துணி (நனையாமல் வர வழியே இல்லையாம்), பிளாஸ்டிக் உறைக்குள் போன், முட்டிக்குப் பட்டை, அப்பாவின் மாத்திரை, உப்பு சர்க்கரைப் பொட்டலம். எலுமிச்சம்பழச் சாதம். வழிகாட்டிகள் பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றில் முட்டை அவித்துத் தருவது இங்கே வழக்கம். அப்பா சதுரகிரி போகத் தொடங்கியதிலிருந்து சைவம். முட்டை வேண்டாம், சேப்பங்கிழங்கு வேகுமா என்று கேட்கச் சொன்னார். இங்கே டாஷீன் என்று சந்தையில் குவிந்து கிடப்பது அதன் உறவுதான். விரல் பருமனில் இருந்தால் வேகும் என்று பதில் வந்தது. சந்தையில் அரை மணி நேரம் பொறுக்கி, சின்னதாக ஆறு எடுத்து, துணியில் முடிந்து கயிறு கட்டி வைத்திருக்கிறார்.

ஒன்று மறந்துவிட்டிருப்போம். வெள்ளி எதுவும் உடம்பில் வேண்டாம், கந்தக ஆவியில் கறுத்துவிடும் என்றார் வழிகாட்டி. அப்பாவின் அரைஞாண் வெள்ளி. அம்மா செய்து போட்டது. இதுவரை கழற்றியதே இல்லை. கறுத்தால் புளி போட்டு விளக்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கழற்றி வந்து, அம்மா படத்துக்கு முன்னால் வைத்தார். இடுப்பில் கறுப்புக் கயிறு ஒன்று கட்டிக்கொண்டார்.

மார்ச் 16, சனி, காலை 5.10

நான்கு மணியிலிருந்து மழை இல்லை. அப்பா குளித்து, ஷூ மாட்டி, வாசலில் டார்ச்சோடு நிற்கிறார். நான் உள்ளே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதுதான் போன் வந்தது. லோடாவில் மேகம் விலகியிருக்கிறதாம். ஆறு எப்படி என்று அங்கே போய்த்தான் சொல்ல முடியுமாம், ஆற்றுவரை போகலாம், அதற்குமேல் இப்போது எதுவும் கேட்காதே என்றார். சரி என்றேன். ஒன்பதரைதானே என்று நானாகவே கேட்டுக்கொண்டேன். ஒன்பதரை என்றார்.

வெளியே போய் அப்பாவிடம் சொன்னேன்.

"ஆத்து வரைக்கும் எல்.சி.யா? சரி, அது போதும்" என்று கிழங்கு மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, தெருவில் வண்டி வெளிச்சம் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்.