பாலைநிலத்தின் நடுவே சிவக்கும் மேப்பிள்கள்

டெக்சாஸில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இலையுதிர்கால வண்ணங்களைப் பார்க்க விரும்பினால் கொலராடோவுக்கோ வெர்மாண்டுக்கோ விமானச்சீட்டு எடுப்பதுதான் வழக்கம். மாநிலத்தின் மேற்குக் கோடியில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிய வறண்ட நிலத்தில், செந்நிறமும் பொன்னிறமுமாகக் காடு பூத்து நிற்கும் மெக்கிட்ரிக் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொன்னால் நண்பர்கள் நம்பத் தயங்குகிறார்கள். எல் பாசோவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 110 மைல் தொலைவில் உள்ள குவாடலூப் மலைகள் தேசியப் பூங்காவுக்குள் அது அமைந்திருக்கிறது. வழியெங்கும் உப்புப் படுகையும் முட்புதரும்தாம். மேப்பிள் மரத்துக்கு அங்கே இடமிருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதியில்லை. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே செல்லும் சாலையின் வாயில் காலையில் திறந்து மாலையில் பூட்டப்படுகிறது. ஆகவே, பெரும்பாலானோர் பைன் ஸ்பிரிங்ஸ் முகாம் திடலில் கூடாரம் அடித்துவிட்டு, மறுநாள் காலை வண்டியில் பள்ளத்தாக்கின் வாய்க்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் இருக்கும் அத்திடலில் அக்டோபர் இறுதியில் பகலில் இளவெயில் இதமாக இருந்தாலும், கதிரவன் மறைந்ததும் குளிர் சட்டென்று இறங்கிவிடும். மலையிடுக்குகளிலிருந்து சீறி வரும் காற்றைத் தாங்க, கூடாரத்தின் முளைகளை ஆழமாக அடித்து, கயிறுகளை இறுக்கிக் கட்ட வேண்டும். விறகோ கரியோ எரிக்கப் பூங்கா முழுவதும் தடை உண்டு; எரிவாயு அடுப்பு மட்டுமே அனுமதி. நெருப்பைச் சுற்றி அமர்ந்து பேசாத முகாம் என்ன முகாம் என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. ஆனால், காய்ந்த புல்லும் ஜூனிப்பர் மரங்களும் நிறைந்த ஒரு மலையில், அந்தக் காற்றில் பறக்கும் ஒரு பொறி என்னவெல்லாம் செய்துவிடும் என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் அத்தடையை மனதார ஏற்பார்கள். சுடச்சுட ரவா உப்புமாவும் இஞ்சித் தேநீரும் செய்வதற்குச் சிறிய அடுப்பே போதும்.

பாதையின் தொடக்கம் ஏமாற்றமளிக்கக்கூடும். சோட்டோல் என்னும் முள்ளிலைச் செடி, சப்பாத்திக்கள்ளி, வெளுத்த கூழாங்கற்கள் பரவிய காய்ந்த ஓடை என்று பாலைநிலமே கூட வருகிறது. சிறிது தொலைவு நடந்த பிறகு, வறண்டு கிடந்த அதே ஓடையில் நீர் தோன்றுகிறது. தெளிந்து ஓடி, மறுபடி கற்களுக்கடியில் மறைந்து, இன்னோரிடத்தில் வெளிப்படுகிறது. நீர் தொடங்கியதும் மரங்களின் இனமே மாறுகிறது. பெரும்பல் மேப்பிள், ஓக், ஆஷ் ஆகியவை ஓடையின் இருபுறமும் அடர்ந்து, மேப்பிள்கள் செம்மஞ்சளிலிருந்து இரத்தச் சிவப்பு வரையிலும், மற்றவை மஞ்சளும் பழுப்புமாகவும் ஒளிர்கின்றன. அவற்றினிடையே டெக்சாஸ் மட்ரோன் மரத்தைத் தேடிப் பாருங்கள். அது இலைகளை உதிர்க்காது, ஆனால் அதன் பட்டை மெல்லிய தாளாக உரிந்து, வழவழப்பான இளஞ்சிவப்புத் தண்டு வெளியே தெரியும், இப்பருவத்தில் கொத்துக் கொத்தாகச் செங்கனிகளும் தொங்கும். என் கண்ணுக்கு மேப்பிளைவிட அதுவே அழகு.

இந்த மரங்கள் இங்கே எப்படி வந்தன என்னும் கேள்விக்குப் பனியுகத்தில் விடை இருக்கிறது. இப்பகுதி முழுவதும் இன்றைவிடக் குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்த காலத்தில் இத்தகைய மரங்கள் பரவலாக வளர்ந்தன. வெப்பம் கூடிப் பாலை விரிந்தபோது, உயர்ந்த பாறைச் சுவர்கள் நிழல் தந்த, ஓடை நீர் கிடைத்த இடங்களில் மட்டும் அவை எஞ்சின. அந்தச் சுவர்களோ இன்னும் பழைமையானவை: ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலக் கடலில் கடற்பஞ்சுகளும் சுண்ணாம்புப் பாசிகளும் கட்டிய கேப்பிட்டன் என்னும் கடலடித் திட்டின் பகுதி அவை. இலைகளின் நிறத்துக்கும் காரணம் உண்டு. பகல் குறுகக் குறுகப் பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பு மட்டும் புதிதாக உண்டாவது. வெயிலுள்ள பகலும் உறையாத குளிரிரவும் தொடர்ந்து வரும்போது, இலையில் தங்கும் சர்க்கரையிலிருந்து அந்தச் செந்நிறமி உருவாகிறது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் சிவப்பின் அளவும் நாளும் மாறுகின்றன. பொதுவாக அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் உச்சத்தை எதிர்பார்க்கலாம்.

2.4 மைல் நடந்தால் பிராட்டின் கல்வீடு வருகிறது. எண்ணெய் நிறுவனமொன்றில் நிலவியலாளராக இருந்த வாலஸ் பிராட், 1921-இல் இந்தப் பள்ளத்தாக்கை முதன்முதலாகக் கண்டு மயங்கி, நிலத்தை வாங்கி, 1930-களின் தொடக்கத்தில் இவ்வீட்டைக் கட்டினார். கூரையிலும் கற்பலகைகளே வேயப்பட்டிருக்கின்றன. எண்ணெய் தேடிப் பொருளீட்டிய ஒருவர், தாம் உயிருக்குயிராக நேசித்த 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பொதுமக்களுக்கென்று அரசுக்குக் கொடையளித்தார் என்பதை அந்த முகப்பில் அமர்ந்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்தக் கொடையிலிருந்தே பூங்கா வளர்ந்து, 1972-இல் முறைப்படி நிறுவப்பட்டது. தனியார் வேலியும் விடுதிகளும் வந்திருக்கக்கூடிய இடத்தில் நாம் கட்டணச் சீட்டுடன் நடந்து போகிறோம்.

இன்னும் ஒரு மைல் சென்றால் குரோட்டோ என்னும் சிறு குகை. சுண்ணாம்புத் தொங்கல்கள் நிறைந்த அதன் அருகே கல்மேசைகள் உள்ளன. கட்டுச்சோறு பிரிக்க ஏற்ற இடம். பெரும்பாலோர் இங்கிருந்து திரும்பிவிடுகிறார்கள்.

முதுகுச்சுமையைத் தாங்கும் உடல்வலு உள்ளவர்கள் இதற்குமேல் ஏறிச் சென்று, தொடக்கத்திலிருந்து 7.6 மைல் தொலைவில் உள்ள மெக்கிட்ரிக் ரிட்ஜ் முகாமில் தங்கலாம். அனுமதிச்சீட்டு பெற வேண்டும். மேலே ஒரு சொட்டு நீர் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் வீதம் முதுகில் சுமந்தாக வேண்டும். ஏற்றம் கடுமையானதுதான். ஆனால், நாட்ச் என்னும் பிளவில் நின்று தெற்குப் பள்ளத்தாக்கைக் குனிந்து பார்ப்பவருக்கு, சாம்பல்நிற மலைகளுக்கிடையே வண்ணம் எவ்வளவு ஒடுங்கிய கோடாக, நீர் செல்லும் தடத்தை மட்டும் பற்றிக்கொண்டு ஓடுகிறது என்பது விளங்கும். ஓடையில் இறங்காதீர்கள், பாதையை விட்டு விலகாதீர்கள் என்று பூங்காக் காவலர்கள் ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பதும் அங்கே விளங்கும்.

செல்ல விரும்புவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். பூங்காவில் மலைப்பகுதி நேரம் நடப்பில் இருக்கிறது. டல்லாஸ், ஹூஸ்டன் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. அருகில் பெட்ரோல் நிலையம் இல்லாததால் வேன் ஹார்னிலோ கார்ல்ஸ்பாடிலோ தொட்டியை நிரப்பிக்கொள்வது நல்லது. வண்ணம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பூங்கா நிர்வாகமே பருவகாலத்தில் தன் இணையதளத்தில் தெரிவிக்கிறது. வார இறுதிகளில் வண்டி நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும். ஆகையால் விடுப்பெடுக்க முடிந்தவர்கள் செவ்வாய் அல்லது புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்து, வாயில் திறக்கும் வேளையிலேயே உள்ளே நுழைந்துவிடுங்கள்.