இரண்டு மணிக்குப் போட்ட சரி

அந்த ஐயா கேட்டது பெரிய விஷயம் இல்லை. "பிள்ளை, கால் அவியுது. ஒருக்காக் கழட்டிவிடு மோனை, கொஞ்சம் நித்திரை கொள்ளுவம்." காலில் சுற்றியிருந்த மெசின் உறையைக் கழட்டினேன். அரை மணித்தியாலத்தில் திரும்பப் பூட்டுவன் என்றேன்.

வைகாசிப் புழுக்கம். மேலே ஃபேன் சுடுகாற்றைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. முழங்கால்வரை பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு யாரால் தூங்க முடியும்? இதோ, எழுதத் தொடங்கியதுமே என் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு, இடப்பக்கம் விழுந்துவிட்டது. இரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பரின் ஊசி போட்டால் கசிவு கூடிவிடும் என்ற பயம். ஆகவே காலில் இரத்தம் கட்டாமல் பார்க்க அந்தக் காற்றடிக்கிற மெசின் மட்டும்தான் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை கெண்டைக்காலை அமுக்கி, நடந்தால் தசை செய்கிற வேலையை அது செய்யும். கழட்டிவிட்டால் கட்டிலில் தொங்கும் வெறும் பெட்டி.

கழட்டியது இரண்டு மணிக்கு. அப்புறம் வலிப்போடு ஒருவர் வந்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். வாட்டில் தாதிகள் நாங்கள் இரண்டு பேர். ஐந்தரைக்கு ஞாபகம் வந்து ஓடினால் ஐயா நல்ல நித்திரை. கழட்டச் சொன்னவர் பூட்டச் சொல்லியா எழுப்புவார்? பூட்டினேன். மெசின் பூட்டியிருக்கிறது என்று குறிக்கிற அட்டையில் இரண்டு, நான்கு, ஆறு எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

காலையில் சிஸ்டர் கேட்டார்: "இரவு முழுக்கப் பூட்டியிருந்ததோ?"

"ஓம் சிஸ்டர்."

நான்காம் நாள் இடது கால் வீங்கியது. ஸ்கானில் இரத்தக் கட்டி. கட்டி வந்த காலில் மெசின் பூட்டக் கூடாது, அதனால் அன்றைக்கு முறைப்படி கழட்டினோம்.

2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைப் பிறகு தேடி வாசித்தேன். பக்கவாதத்தால் நடமாட முடியாத 2876 பேர். மெசின் பூட்டாதவர்களில் 12.1 சதவீதத்தினருக்குக் கட்டி வந்தது, பூட்டியவர்களில் 8.5. பூட்டினாலும் வருகிறதுதானே என்று அன்று நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் அந்த நிம்மதியே அருவருப்பாக இருந்தது. மூன்றரை மணித்தியாலத்தில் வந்த கட்டியா அது? மற்ற இரவுகளில் மற்றவர்கள் போட்ட சரிகளும் என்னுடையது போன்றவைதானா? யாரிடம் கேட்பது? கேட்டால் என்னுடையதையும் சொல்லவேண்டுமே.

கட்டி நுரையீரலுக்கு ஏறவில்லை. ஐயா வீட்டுக்குப் போனார். கிளினிக்குக்கு வந்த அன்று மகள் ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தந்தார். "அப்பாவை நித்திரை கொள்ள விட்ட மிஸ்ஸி இவதானாம்." பழத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

மெசின் பாவனையைக் கூட்டுவது பற்றிப் பிறகு ஒரு கூட்டம் நடந்தது. உறைக்குள்ளே பருத்தித் துணி சுற்றலாம், சரி அடையாளத்துக்குப் பதிலாகக் கழட்டிய நேரத்தையும் பூட்டிய நேரத்தையும் எழுதலாம் என்றேன். நல்ல யோசனை என்று ஏற்றுக்கொண்டார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.